சாவி வாய் திறக்காத காலை

என் எழுத்து மேலும் கீழுமாக ஓடுவதற்கு நீதிமன்றம் மன்னிக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் மருமகளிடம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. பெயரையும் முகவரியையும் எழுத்தர் முதல் தாளில் எழுதியிருக்கிறார். படைக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன்.

பாலத்துக் காவல் முகாமின் அதிகாரியைச் சோசியர் என்போம். எதிரி எந்தப் பக்கம் வருவான், நம்மில் யார் ஓடுவான் என்று முன்பே சொல்வார், அப்படியே நடக்கும். நான் லாரியை விட்டு இறங்கியதும் டயரை உதைப்பேன் என்றார், உதைத்தேன். இயந்திரத் துப்பாக்கிக்காரனுக்குச் சாவி என்று பெயர் வைத்தவரும் அவரே. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையாம் அவன்.

சம்பவத்தன்று காலை நான் பீப்பாய்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது அக்கரை ஜனங்கள் பாலத்தில் ஏறினார்கள். முன்னால் வந்தவர் தலையில் தையல் இயந்திரம் இருந்தது. கூட்டத்தில் ஆயுதக்காரன் ஒளிந்து வருவான் என்று கணித்துச் சோசியர் சுட உத்தரவிட்டார். சுடுபவன் உத்தரவை உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகே சுட வேண்டும் என்பது முகாம் விதி.

"பாருங்க பெரியவரே, உடனே திருப்பிச் சொல்வான்" என்றார்.

சாவி சொல்லவில்லை. அதன் பிறகு மறுபடியும் உத்தரவிட்டார். சாவி அவரைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"டேய், என்னடா ஆச்சு உனக்கு?"

வேறு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குள் ஜனங்கள் இக்கரைக்கு வந்துவிட்டார்கள். சோதித்ததில் ஒருவரிடமும் ஆயுதம் இல்லை. அதன் பிறகுதான் சாவி பேசினான்: "தாத்தா, இவங்களுக்குத் தண்ணி குடுங்க." உத்தரவைத் திருப்பிச் சொல்லாமல் மூடிய வாய் அவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சாவியைப் பிடித்துக் காவலில் வைத்த பிறகு சோசியர் ஒரு தாளோடு என் லாரிக்கு வந்தார். வெடிச்சத்தத்தில் சாவிக்குக் காது போய்விட்டது, உத்தரவு கேட்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

"கைநாட்டு வைங்க. அவனும் பிழைப்பான், அவனைப் பத்தின என் கணிப்பும் பொய்யாகாது."

கேட்டும் சுடவில்லை என்றால் ஆயுள் சிறை என்பது எனக்கும் தெரியும். ஆகவே காவலறைக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது, கதவுக்கு வெளியே நின்று முணுமுணுப்பாகக் கேட்டேன்: "வச்சிடட்டுமாடா?"

உடனே பதில் வந்தது. "வேணாம் தாத்தா. செவிடன்தான் சுடாம இருப்பான்னு ஆயிடும். கேட்டுச்சுன்னே சொல்லுங்க."

சொல்கிறேன். அவனுக்கு இரண்டு முறையும் கேட்டது. கேட்டுத்தான் சும்மா இருந்தான்.

இதில் உள்ளதெல்லாம் நான் பார்த்ததும் காதால் கேட்டதும். யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. இன்னும் ஏதாவது தெரிய வேண்டுமானால் அடுத்த வாரம் கேளுங்கள், அதையும் என் கையாலேயே எழுதித் தருகிறேன். கிழவன் கைநாட்டுதான் வைப்பான் என்று சோசியர் எல்லோரிடமும் சொல்லியிருந்தாராம். கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)
தண்ணீர் லாரி ஓட்டுநர்