ஐயா மேல் விழுந்த பழி

இன்று சிவப்பு சோடாவைக் குளிரவைத்தே கொண்டுவந்திருக்கிறேன் ஐயா. வெயிலில் வெந்நீராகிப்போனதை மற்றவர்கள் உங்கள் முன் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. உறிஞ்சுகுழலும் போட்டிருக்கிறேன். குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் சுமாலி, இந்த மரவள்ளி மாவு ஆலையின் கணக்குப் பிரிவுத் தலைவி. ஆலை மண்ணைக் காக்கிற காவல் தெய்வமான உங்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்காது. என் கணினியில் சம்பளம் போடும் மென்பொருள் திறக்காமல் அடம்பிடிப்பது உங்கள் திருவிளையாடல் என்று ஆலை முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். அது உங்கள் வேலை இல்லை. என் வேலை.

விஷயம் மிகச் சாதாரணமானது. அந்த மென்பொருளைச் சும்மா திறந்தால் பார்க்க மட்டும்தான் முடியும். சம்பளம் போட வேண்டுமானால் 'நிர்வாகியாக இயக்கு' என்று கொடுத்துத் திறக்க வேண்டும். கணினி பார்க்க வருகிற தம்பி வீரயுத் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னான்.

"அக்கா, பொது டிரைவ்ல இருக்கிற எதையும் நிர்வாகியா திறக்காதீங்க. சும்மா திறந்தா தெரியுற டிரைவ், நிர்வாகியா திறந்தா கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாது."

அதிகாரம் வந்தால் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை எங்கள் மேலாளர் தவச்சாயைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தேன். கணினியும் அந்த ஜாதிதான் என்பது எனக்குப் புதிது.

ஆகவே மென்பொருளின் பிரதி ஒன்றைப் பொது டிரைவில் போட்டு, திரையில் இருக்கும் ஐகானை அதற்குத் திருப்பிவிட்டேன். நிர்வாகியாகத் திறந்தால் கோப்பே இல்லை என்று சாதிக்கும். வாசலில் வீரயுத்தின் பைக் சத்தம் கேட்டதும் பழையபடி மாற்றிவைப்பேன். அவன் உட்கார்ந்து அழுத்தினால் சமர்த்தாகத் திறக்கும்.

"என்னக்கா இது, நான் வந்தா மட்டும் ஓடுது?"

"உன் கைராசி தம்பி. வந்ததே வந்துட்ட, சாப்பிட்டுட்டுப் போ."

ஒட்டரிசிச் சோறு, சுட்ட கோழி, இடித்த பப்பாளிக்காய் எல்லாம் அதற்குள் மேசையில் இருக்கும். கணக்குப் பிரிவுக்காரியோடு உட்கார்ந்து சாப்பிட இந்த ஆலையில் யாரும் வருவதில்லை. சம்பளத்தில் பிடித்தம் போடுகிறவளின் எதிரில் யாருக்குத்தான் சோறு இறங்கும்? வீரயுத் ஒருவன்தான் உள்ளே நுழையும்போதே "சாப்ட்டீங்களாக்கா?" என்பான். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். என்னிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. அவன் கேட்ட முதல் நாள் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவனுக்குச் சியாங்மாய்க் கிளைக்கு மாற்றல் வந்திருந்தது. மனைவி அங்கே இருக்கிறாள், பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இந்தக் கோளாறைத் தீர்த்துவிட்டுக் கிளம்பு என்றார் மேலாளர். வந்து பார்த்தால் இல்லாத கோளாறை அவன் எப்படித் தீர்ப்பான், பாவம். மேலாளர் குறி சொல்பவரிடம் போய்க் கேட்டு வந்தார்.

"காவல் ஐயாவுக்கு இந்தப் பையனைப் பிடிச்சுப்போச்சாம். அவன் போனா ஆலையே படுத்துடுமாம். மாற்றலை நிறுத்திட்டேன்."

குறி சொல்பவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை ஐயா. கேட்காமலே உதவுகிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைக் கைபேசியில் காட்டினான். நல்ல பல். குழந்தை கைபேசியைப் பார்த்துத்தான் அப்பா என்கிறதாம். அது அணைந்து கிடந்தாலும் சொல்கிறதாம். கெட்டிக்காரக் குழந்தை என்று சொல்லி இன்னொரு துண்டு கோழி வைத்தேன்.

நேற்று மதியம் ஆறிப்போகிறதே என்று தட்டோடு அவனைத் தேடி வந்தேன். இதோ, நான் மண்டியிட்டிருக்கிற இதே இடத்தில் அவன் மண்டியிட்டிருந்தான்.

"ஐயா, என்னை விட்டுடுங்க. ஊருக்குப் போயிட்டேன்னா உங்களுக்கு ஐம்பது அவிச்ச முட்டை படைக்கிறேன். எம்பொண்ணு போனைத்தான் அப்பான்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

தோள் குலுங்க அழுதான். தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கல்லா நான்? பிள்ளையின் தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. இப்படி இளைத்தவனைக் கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் அனுப்பினால் யார் பொங்கிப் போடுவார்கள்?

அதனால்தான் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பழி உங்களுடையது இல்லை, என்னுடையது. வாசலில் பைக் சத்தம் கேட்கிறது, போய் ஐகானை மாற்ற வேண்டும், சுருக்கமாக முடிக்கிறேன். அவன் ஐம்பது சொன்னான் அல்லவா? நான் நூறு தருகிறேன். வாத்து முட்டையாகவே தருகிறேன். அவன் வேண்டுதலை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

எனக்கென்று உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை ஐயா. இப்போதும் கேட்கவில்லை.