வெள்ளியில் ஒரு படகு

சங்கரன்கோவிலில், கோவில் வாசலில் நேர்த்திக்கடன் உருவங்கள் விற்கும் கடையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா கேட்டார்:

"அண்ணாச்சி, வெள்ளியில போட் இருக்கா?"

கடைக்காரர் தட்டைக் கிளறினார். "பாம்பு, தேளு, கண்ணு, காலு இருக்கு. போட் யாருக்கும்மா?"

"எம் மவ நார்வேல இருக்கா. அங்கன பனிக்கட்டி நகந்து நகந்து மலையை அறுத்து உண்டாக்குன பள்ளத்துல கடல் உள்ள வந்து நிக்குதாம். அதுல போட் ஏறிச் சுத்திப் பாக்கப் போயிருக்கா. ஒரு மணி நேரமா போன் போகலை."

"ரெண்டு பக்கமும் மலைன்னா டவர் எப்படிக் கிடைக்கும்?"

"அவளுக்கு நீச்சல் தெரியாது அண்ணாச்சி. சின்னதுல நான்தான் பயந்துக்கிட்டு கெணத்துப் பக்கமே விடலை."

அப்போது அவர் கைபேசி சிணுங்கியது. ஒரு படம். செங்குத்தான பாறைக்கு முன்னால், படகின் கம்பியைப் பிடித்தபடி மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். "பிள்ளை நல்லாத்தான இருக்கு. இனி உரு எதுக்கு?"

"இது போறப்ப எடுத்ததுன்னு போட்டிருக்கா. இன்னும் திரும்பி வரணும்லா? போட் இல்லேன்னா முழு ஆளாக் குடுங்க. பொம்பளை உருவாப் பாத்து எடுங்க."