ஒரே காலடி

— உங்களுக்கு மூச்சு வாங்குது. பாலம் வரைக்கும் வேணா நடந்து போவோமா?

— வேண்டாம். ஓடிட்டே பேசறேன். நடந்தா... சண்டை வந்துடும்.

— அதுவும் சரிதான். சொல்லுங்க டெய்லரே. நாளைக்குக் கோர்ட்டை வச்சுக்கிட்டு, இன்னிக்கு ஓட வான்னு கூப்பிட்டப்பவே ஏதோ இருக்குன்னு நெனைச்சேன்.

— விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதே. வீட்டுக்கு... திரும்பி வந்துடு.

— எதுக்கு?

— எதுக்கா? கீழ பாரு. உன் வலது கால் விழறப்போ... என் வலது கால் விழுது. யாராவது சொல்லியா விழுது?

— பாத்தேன்.

— சமையல்ல, சாமான் வாங்கறதுல, சொந்தக்காரங்ககிட்ட பேசறதுல... ஒண்ணுலயும் நமக்கு ஒத்து வரல. ஒத்துக்கறேன். ஆனா ஓட்டம்? அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குல்ல? உன்கூட ஓடறப்போ எனக்குக் கடை ஞாபகம் வராது, தைக்காம கிடக்கற துணி ஞாபகம் வராது. இந்தச் சத்தம் மட்டும்தான், டிரைவரம்மா. ஆள் ரெண்டு... காலடி ஒண்ணு. இது என்ன பொய்யா?

— பள்ளம் இருக்கு. இடது பக்கமா வாங்க.

— அந்த ஜோடி ஓட்டப் பந்தயத்துப் போட்டோ... இன்னும் கடையில மாட்டியிருக்கேன். கையைக் கோத்துக்கிட்டு முடிவுக் கோட்டைத் தாண்டினோமே, அது. கழட்ட மனசு வரல.

— எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் இருக்கு. கல்யாணமான புதுசுல மொத மொத இந்த ரோட்டுல ஓட வந்தோம். உங்களை விட்டுட்டு நான் பாலத்தையே தாண்டிப் போயிட்டேன். அங்க நின்னு சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டினேன்.

— அன்னிக்கு எனக்கு வயித்துவலி.

— ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல நீங்க. தட்டை வச்சா நகர்த்திட்டு எழுந்து போனீங்க. வயித்துவலின்னு நம்பி வெந்நீர் வச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தேன் நான்.

— பழசை ஏன் இழுக்கறே? அதுக்கப்புறம்... ஓட்டத்துல என்னிக்காவது நமக்குள்ள தகராறு வந்திருக்கா?

— வரல.

— பாத்தியா! அதைத்தான் நானும் சொல்றேன்.

— ஏன் நின்னுட்டீங்க? முட்டி வலிக்குதா?

— இல்ல, மூச்சு... இரு. உனக்கு வாங்கவே இல்லையே?

— ஸ்கூல் வேன்ல தினமும் பிள்ளைங்களை அதட்டிட்டு வர்றவளுக்கு மூச்சுக்கு என்ன பஞ்சம்?

— விளையாடாதே. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல. ஓடறப்போ என் பக்கத்துல... நீ என்னதான் நெனைச்சுட்டு வருவே?

— வேண்டாம். தண்ணியைக் குடிங்க.

— சொல்லு. அப்புறம் நீ எடுக்கற முடிவு எதுவானாலும் சரி.

— நாளைக்கு வந்து கையெழுத்து போட்டுடுவேன். அதை மொதல்ல சொல்லிடறேன்.

— அப்போ இந்த ஓட்டம்?

— ஓடறப்போ எனக்கு ஒரே நெனைப்புதாங்க. இன்னும் கொஞ்சம் மெதுவா, இன்னும் கொஞ்சம் மெதுவான்னு. வேற எதையும் நெனைக்க எனக்கு இடமே இருந்ததில்ல. அந்தப் போட்டோவுல உங்க கையைப் பிடிச்சிருக்கேனே, அதுகூட உங்களுக்கு முன்னாடி போயிடக் கூடாதேன்னுதான்.