நாற்பது வெற்று வரிகளுக்குக் கீழே

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, சார். ஆரம்பம் அதுதான்.

பதினொரு வருடமாக நம் அலுவலக லினக்ஸ் சர்வர்களின் நிர்வாகி அதிகாரம் என் ஒருவனிடம்தான் இருந்தது. எந்த மென்பொருளை நிறுவுவதென்றாலும் என் மேசைக்கு வந்தாக வேண்டும். "அண்ணே, கொஞ்சம் பாஸ்வேர்டு போட்டுக் குடுங்களேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அப்படியே வீட்டுக் கதை பேசுவார்கள், சாப்பிடவும் கூப்பிடுவார்கள்.

பிறகு நிர்வாகிகள் குழு என்று ஒன்று வந்தது. அதில் பெயர் இருந்தால் போதும், அவரவர் பாஸ்வேர்டிலேயே அதிகாரம். அந்த வாரம் என் மேசைப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. ஐந்து நாளும் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

யாருக்கு அதிகாரம் உண்டு, யாருக்கு இல்லை என்று சர்வருக்குச் சொல்லும் அனுமதிக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதன் முதல் வரி அந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் மேலிருந்து படித்துக்கொண்டே போய், கடைசியாகச் சொன்னதைத்தான் கேட்கும். நான் நாற்பது வரிகளை வெற்றாக விட்டு, அடியில் அதே குழுவுக்கு மறுப்பு எழுதினேன். மறுநாளே கூட்டம் திரும்பி வந்தது.

குழுவில் பெயர் இருந்தும் ஏன் அதிகாரம் கிடைக்கவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலையைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தார்கள். மூன்று வாரக் கெடு. தவறினால் வேலை போய்விடும். பாவம், தங்கமான பெண். கோப்பைத் திறந்து நானேதான் காட்டினேன், முதல் திரையை மட்டும்.

"எல்லாம் சரியாத்தானேண்ணே இருக்கு?"

"சரியாத்தாம்மா இருக்கு. குழுவிலேருந்து உன் பேரை எடுத்துட்டு மறுபடி சேர்த்துப் பாரு, பாஸ்வேர்டு நான் போட்டுத் தர்றேன்."

மூன்று வாரமும் எடுத்தாள், சேர்த்தாள். தினமும் என்னோடுதான் சாப்பிட்டாள். அவள் அழுத அன்று என் கைக்குட்டையைக் கொடுத்தேன், திருப்பிக்கூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள். "நீங்க ஒருத்தர்தாண்ணே எனக்கு ஒத்தாசையா இருந்தீங்க" என்றாள். வாசல்வரை அவள் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

நீங்கள் விசாரணைக்கு வந்து அந்தக் கோப்பைக் கடைசிவரை உருட்டிப் பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆமாம், எழுதியது நான்தான். மறைக்க என்ன இருக்கிறது?

அவளைத் திரும்பக் கூப்பிடப் போகிறீர்களாமே, ரொம்ப நல்லது. என் பக்கத்து மேசையையே கொடுங்கள், சார். ஏதாவது சிக்கல் என்றால் இங்கே அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?