கீழ்ப்பாதையில் கேட்ட குரல்

அவையோரே, மேடையின் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் எங்கள் பறவைச் சங்கத்தாரே, வலப்பக்கம் அமர்ந்திருக்கும் அய்யாக்கண்ணு அண்ணனின் பறவைச் சங்கத்தாரே, முன்வரிசையில் இருக்கும் நல்லம்மா அக்கா, ஜெலுத்தோங் வெயிலில் வந்து சேர்ந்த பெரியோர்களே, வணக்கம்.

மேடை நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மறைந்தவருக்கு மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் யார் உட்காருவது என்று இரு தரப்பும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பறவையன்பர் நாகநாதன் நம்மைப் பிரிந்து பதினோரு நாள். பாயான் பாரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தவர். ஞாயிறு என்றால் கொடிமலைக் காடு. அங்கே அவர் விடாமல் பார்த்தது ஐந்து வகைப் பழுப்புக் குருவிகளை. எனக்கு ஐந்தும் ஒன்றுதான். காய்ந்த சருகைக் காட்டிக் குருவிப் பெயர் சொல்லி, ஒரு கூட்டத்தையே அரை மணி நேரம் அண்ணாந்து நிற்க வைத்தவன் நான்.

"அஞ்சும் பூச்சிதான் தின்னுது, ஒரே மரம். எப்படிண்ணே அடிச்சிக்காம இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணு தரையில சருகைக் கெளறும், ஒண்ணு புதர்ல, ஒண்ணு பட்டை இடுக்குல, ஒண்ணு நடுக்கிளை, ஒண்ணு உச்சி. மரம் ஒண்ணுதான் தம்பி, எடம் வேற வேற. ஆனா ஒண்ணு ஆபத்துன்னு கத்துனா அஞ்சும் கேக்கும்."

நாம் என்ன செய்தோம்? காட்டுப்பாதையில் ஒருவர்தான் முன்னால் நடக்க முடியும். அது நானா, அய்யாக்கண்ணு அண்ணனா என்ற தகராறில்தான் சங்கம் இரண்டானது. இரண்டான பிறகாவது வேறு பாதை எடுத்தோமா? அதே ஞாயிறு, அதே ஏழு மணி, அதே மேல்பாதை.

நாகநாதன் அண்ணன் எங்கள் இருவர் வீட்டுக்கும் வந்தார். "ஒருத்தர் மேல்பாதை, ஒருத்தர் கீழ்ப்பாதை. ஒன்பதுக்குப் பாலத்துல சேந்துக்குங்க."

"அவரு கீழ போகட்டும் லா" என்றேன். அய்யாக்கண்ணு அண்ணனும் அதையேதான் சொன்னாராம். அதன் பிறகு நாகநாதன் அண்ணன் இரண்டு கூட்டத்திலும் சேராமல் கீழ்ப்பாதையில் தனியாக நடந்தார்.

பதினோரு நாளுக்கு முன், அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாராச்சும் இருக்கீங்களா?" என் கூட்டம் என்னைப் பார்த்தது. "அய்யாக்கண்ணு குரூப்பு, வழி தெரியாம கத்துறாங்க" என்று சொல்லி, பதிலுக்கு விசில் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நகைச்சுவையில் எனக்குப் பெயர் உண்டு, தெரியுமல்லவா? பின்னால் வந்த அய்யாக்கண்ணு அண்ணன் கூட்டத்துக்கும் அந்தக் குரல் கேட்டது. நாங்கள் கேலி செய்கிறோம் என்று நினைத்தார்களாம்.

பகல் ஒரு மணிக்குப் பாதை கூட்டும் ஹைருல்தான் அவரைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்தபடி மரத்தில் சாய்ந்திருந்தாராம். உயிர் இல்லை.

"ரெண்டு கூட்டம் போச்சே தம்பி, ஒருத்தருக்குமா கேக்கல?" என்று அவர் துணைவியார் நல்லம்மா அக்கா என்னிடம் கேட்டார். இன்று சபையறியச் சொல்கிறேன் அக்கா: கேட்டது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் முழங்குவார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. வரும் ஞாயிறு ஏழு மணிக்குக் கீழ்ப்பாதையில் நடப்பேன், பின்னால் யாரும் வராவிட்டாலும். மேல்பாதை உங்களுக்கு, அய்யாக்கண்ணு அண்ணே. ஒன்பதுக்குப் பாலத்தில் நிற்பேன். இடையில் யார் குரல் கொடுத்தாலும் ஓடி வருவேன், அது நீங்களாகவே இருந்தாலும்.

விசில் அடிக்க மாட்டேன்.