பதினேழாம் நாள் வெயில்

எங்க தோட்டத்துல கெடக்கற அந்தத் தடம் பக்கத்துத் தோட்டக்காரர் நாகாதோமியோட ரப்பர் பூட்ஸுதான், நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா வாசல்லயே நின்னு நோட்டுல எழுதிக்கிட்டிருக்காதீங்க தம்பி, உள்ள வாங்க. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ஏற்கனவே ஊரே நெனைச்சுக்கிட்டுதான் இருக்கு. தம்பின்னுட்டேன், மன்னிச்சுக்கோங்க. போலீஸ்காரரை சார்னு கூப்பிடணும். மாத்தலாகி வந்து ஒரு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள உறவு கொண்டாடறா பாருன்னு... பரவாயில்லையா? சரி, அப்ப தம்பியே இருக்கட்டும்.

உக்காருங்க. நான் நின்னுக்கிட்டே பேசறேன். பதினொண்ணு இருபது பஸ்ஸைப் பிடிக்கணும், அதை விட்டா ஒரு மணிக்குத்தான். ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறாங்க. பொண்ணு சிஹோ ராத்திரியிலேருந்து அங்கதான் இருக்கா. நான் துணிமணி எடுக்க வந்தேன். துண்டு ரெண்டு, குதிகால் மூடின செருப்பு, வயித்துல சுத்திக் கட்டற துணி மூணு. மூணு எதுக்குங்க? ஒரு வயிறுதானே இருக்கு அவருக்கு.

இருங்க, டீ போடறேன். இல்லைன்னெல்லாம் சொல்லக் கூடாது. டீத் தோட்டக்காரன் வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போனீங்கன்னா நாளைக்கு என்னைத்தான் பேசுவாங்க. போன வருஷத்து க்யோகுரோ, நிழல் போட்டு வளத்த டீ, மாநிலப் போட்டியில ரெண்டாம் பரிசு வாங்கினது. ஆமா, ரெண்டாவதுதான். இந்த வீட்ல எல்லாமே ரெண்டாவது. ஆறு தடவை.

அய்யய்யோ. பாருங்க, கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன். முப்பத்தெட்டு வருஷத்துல இப்படி ஊத்தினதே இல்லை. தண்ணியை ஆத்தி, விரல் பொறுக்கற சூட்டுக்கு வந்தப்புறம் ஊத்தணும். அப்பத்தான் கடல்பாசி மாதிரி ஒரு வாசமும் நாக்குல ஒரு தித்திப்பும் வரும். கொதிதண்ணி பட்டா கசந்து போயிடும். அவரு இருந்திருந்தா கெட்டிலைப் பிடுங்கி, போ வெளியன்னு சொல்லியிருப்பாரு. குடிச்சுடறீங்களா? மூஞ்சியைப் பாரு, கசக்குதுல்ல? வேண்டாம் வேண்டாம், வச்சிடுங்க. வேற போடறேன்.

என்ன கேட்டீங்க? நிழல் போட்டா என்ன, போடாட்டி என்னவா? நல்லாக் கேட்டீங்க போங்க. டவுன்காரங்களுக்கு எல்லாம் பச்சைத் தண்ணிதான். தளிர் ரெண்டு இலை விட்டதும் மேல பந்தல்ல வைக்கோல் பாய் விரிப்போம். பத்து நாள் கழிச்சு, அதுக்கு மேல இன்னும் வைக்கோல். இருபது நாள் கிட்ட அப்படியே இருட்டுல கெடக்கும். உள்ள போனா பட்டப்பகல்லயே விளக்கு வைக்கற நேரம் மாதிரி இருக்கும். வெளிச்சம் தேடித் தேடி இலை மெலிஞ்சு, அகண்டு, கையில எடுத்தா துவண்டு விழும். அந்தத் தித்திப்பு அதுலதான் ஏறுது. நடுவுல ரெண்டு நாள் நல்ல வெயில் பட்டுச்சுன்னா இலை வெறைச்சுக்கும், எல்லாம் போச்சு. சாதா டீயாக் குடிக்கலாம். போட்டிக்கு அனுப்ப முடியாது.

அதான் நடந்தது. பதினேழாம் நாளு பாய் எல்லாம் எறங்கிடுச்சு. இன்னும் நாலு நாள்ல பறிப்பு. பதினஞ்சு பொம்பளைங்களுக்குச் சொல்லி வச்சிருந்தோம். நேத்து ஒவ்வொருத்திக்கா போன் போட்டு, வர வேண்டாம்னு சொன்னேன். ஒவ்வொருத்தியும் நாகாதோமியைத் திட்டறா. நான் என்ன பண்றது, உம் உம்முனு கேட்டுக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரருக்கும் நாகாதோமிக்கும் என்ன பகைன்னா, பகைன்னு ஒண்ணும் இல்லை. எங்க வரப்பு முடியற எடத்துல அவரு வரப்பு ஆரம்பிக்குது, அவ்வளவுதான். அவரு முதல் பரிசு, இவரு ரெண்டாவது. ஒரு வருஷம் வாய்க்கால் தூர் வார்ற அன்னிக்கு எல்லாரும் நிக்கறப்ப நாகாதோமி இவரைப் பாத்துச் சொன்னாரு, யாசுனோரி, உன் டீ ரொம்ப நல்லா இருக்கு, என்னோடதைக் குடிக்காதவங்களுக்குன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து மம்மட்டியை வச்ச வேகத்துல காம்பு உடைஞ்சுது. அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷமாப் பேச்சு இல்லை. வழியில பாத்தா தலையை மட்டும் ஆட்டிக்குவாங்க.

அதை வச்சுத்தான் புகார் கொடுத்தாரு. புதன்கிழமை காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா உங்களுக்குத்தான் போன் போட்டாரு. நாகாதோமிதான் பண்ணான், வேற எவன் பண்ணுவான்னு.

எனக்கு என்ன தோணுதா? எனக்கு இப்ப ஒண்ணும் தோணலை தம்பி. மணி என்ன? பத்தே காலா? இந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் முன்னால ஓடும். பின்னாலயா? சிஹோ போன் பண்ணாளான்னு பாத்துக்கறேன். இல்லை.

வயித்துல பெரிய ரத்தக் குழாய் ஒண்ணு இருக்காமே. அது உப்பிக்கிட்டு இருக்கு அவருக்கு. சைக்கிள் ட்யூப்ல ஒரு எடத்துல மட்டும் புடைச்சுக்கிட்டு நிக்குமே, அப்படி. வலியே கிடையாது. அதான் வம்பு. வலிச்சிருந்தா போயிருப்பாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி டாக்டர் சொன்னப்ப சின்னதா இருந்துது. பறிப்பு முடியட்டும்னாரு. பறிப்பு முடிஞ்சதும் போட்டி முடியட்டும்னாரு. போட்டி முடிஞ்சதும் உரம் போடணும்னாரு. அப்புறம் பனி. அப்புறம் மறுபடியும் தளிரு. ஒரு டீச்செடியில எத்தனை சாக்கு இருக்குன்னு எங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கணும்.

இந்தத் திங்கக்கிழமை எப்படியோ சண்டை போட்டு குருமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், சோதனைக்குன்னு. படம் எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா இவரைப் பாக்கலை, என்னைத்தான் பாத்தாங்க. இந்த வாரத்துக்குள்ள பண்ணியாகணும், கனம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, எப்ப வேணா வெடிக்கும், வெடிச்சா இங்க வந்து சேர நேரம் இருக்காதுன்னாங்க. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? சரிங்கம்மா, எட்டாம் தேதி பறிப்பு, அது முடிஞ்சதும் வரேன். இன்னும் ஒரு அடுக்கு வைக்கோல் வேற போடணும், அதுக்குப் பந்தல்ல ஏறணும்னு அவங்ககிட்டயே சொல்றாரு. அந்தம்மா பேனாவை மேசையில வச்சுட்டாங்க. ஒரு ராத்திரியாவது இருந்துட்டுப் போங்கன்னு கெஞ்சினதுக்கு இருந்தாரு. நான் மட்டும் அந்தத் திங்கக்கிழமை காலையிலயே திரும்பி வந்துட்டேன்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் வந்தாரு. வீட்டுக்குள்ளகூட வரலை, பையோட நேரா தோட்டத்துக்குத்தான். பாய் எல்லாம் சுருட்டி ஓரமா அடுக்கியிருக்கு. செடி மேல ரெண்டு நாள் வெயில் அடிச்சிருக்கு, மேகமே இல்லாத வெயில். வரப்புல உக்காந்துட்டாரு. நான் பக்கத்துல போய் நின்னேன். ஒரு இலையைக் கிள்ளி மென்னாரு. துப்பினாரு. அப்புறம், ஆஸ்பத்திரி நம்பரு உங்கிட்ட இருக்கான்னாரு.

ஆமா. அவரேதான் கேட்டாரு. இனி பறிக்க என்ன இருக்கு?

அதைத்தானே நீங்க கேக்கறீங்க, இல்லையா? நாசம் பண்ண வந்தவன் பாயைக் கிழிச்சுப் போட்டிருப்பான், கயித்தை அறுத்திருப்பான், இவன் ஏன் சுருட்டி அடுக்கினான்னு. உங்களுக்கு மூளை இருக்கு தம்பி. ஊர்ல எவனும் அதைக் கேக்கலை. அந்தப் பாய் ஒவ்வொண்ணும் குளிர்காலத்துல நானும் அவருமா உக்காந்து பின்னினது. அடுத்த வருஷத்துக்கு வேணும்ல.

நாகாதோமி வாயே திறக்கலையா? எத்தனை தடவை கேட்டீங்க? மூணு தடவையுமா? தெரியாதுன்னுகூடச் சொல்லலையா? சும்மா தரையைப் பாத்துக்கிட்டு... ம். அவரு அப்படித்தான்.

நேத்து ஒண்ணு நடந்துது, அதைச் சொல்றேன். எங்க ஊர்ல அறிவிப்பு அட்டை ஒண்ணு வீடு வீடாப் போகும், படிச்சதுக்கு முத்திரை குத்தி அடுத்த வீட்டுல கொடுப்போம், பாத்திருப்பீங்க. எங்க வீட்டுக்கு அடுத்து அவரு வீடு. நான் ஆஸ்பத்திரியில இருந்ததால பக்கத்து வீட்டுக்காரியே எடுத்துட்டுப் போயிருக்கா. எடுத்துட்டுப் போனவ நாகாதோமி வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுல கொடுத்துட்டா. அட்டையில அவரு பேருக்கு நேரா முத்திரை இல்லை, காலியா இருக்கு. முப்பத்தெட்டு வருஷத்துல இந்த ஊர்ல ஒரு வீட்டையும் அப்படித் தாண்டினது இல்லை. அந்தாளு சம்சாரம் செத்த வாரத்துலகூட அட்டை போச்சு.

என்னது? இன்னிக்கேவா? மத்தியானம் பெரிய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? வண்டியில ஏத்தியா? எல்லாரும் பாக்கற மாதிரியா? இன்னிக்கு வேண்டாம் தம்பி. நாளைக்கும் வேண்டாம்.

இருங்க. இந்தப் பையோட ஜிப்பு ஏற மாட்டேங்குது. ஆங், ஏறிடுச்சு.

ஏன் தம்பி, ஒரு சந்தேகம். சொந்தத் தோட்டத்தைச் சொந்தக்காரியே நாசம் பண்ணா என்ன சட்டம்? ஒண்ணும் இல்லையா? பத்திரத்துல என் பேரும் பாதி இருக்கு. அப்ப எழுதிக்கோங்க. நான்தான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான்தான் தம்பி. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து வந்தேன், செருப்பைக்கூட மாத்தலை, பந்தல்ல ஏறினேன். முதல் பாயைச் சுருட்டினப்ப அந்த ஒரு கீத்துல வெயில் விழுந்துது பாருங்க, உள்ள இருந்த இலை எல்லாம் ஈரத் துணி மாதிரி மினுக்குது. முப்பத்தெட்டு வருஷமா அந்த இலையை இருட்டுல தொட்டுத்தான் எனக்குப் பழக்கம். வெளிச்சத்துல அதோட நெறம் என்னன்னு நான் பாத்ததே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஏணியில நின்னுட்டேன். அப்புறம் ரெண்டாவது பாய். மூணாவது பாயில தோளு விட்டுப்போச்சு. தனியா முடியற வேலையா அது?

எறங்கி வரப்புல உக்காந்தேன். அப்பத்தான் நாகாதோமி வந்தாரு. நான் கூப்பிடலை. ஏன்னு கேக்கலை அவரு. நானாச் சொன்னேன், வயித்துல குழாய், இந்த வாரம்னு, அவ்வளவுதான். ஏணியை நிமித்தி வச்சு, அந்தப் பக்கத்து நுனியைப் பிடிச்சுக்கிட்டாரு. மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் சுருட்டினோம். நான் கட்டின கயிறு லூசா இருக்குன்னு அவுத்து மறுபடி கட்டினாரு. சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம்னு கையை மட்டும் ஆட்டினாரு. ஊரு இப்படிப் பேசும்னு எனக்குத் தோணவே இல்லை தம்பி. அவருக்குத் தோணியிருக்கும்.

அதனால அவரை விட்டுடுங்க. என் பேரை எழுதுங்க, ஹிகுச்சி சாச்சியோ, வயசு அறுபத்தி நாலு. முத்திரை போடணுமா? இந்தாங்க, குத்திட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன், தையல் பிரிச்சப்புறம். ரத்தக் கொதிப்பு ஏறக் கூடாதுன்னிருக்காங்க. கத்துவாரு. கத்தட்டும்.

வரீங்களா, பஸ் ஸ்டாப் வரைக்கும்? பையை நீங்க எடுத்துக்குங்க, ஊர்க்காரங்க பாக்கட்டும், நம்ம ரெண்டு பேரும் சேந்து நடக்கறதை.

ஒண்ணே ஒண்ணு. கடைசிப் பாயைச் சுருட்டி முடிச்சதும் நாகாதோமி ஒரு தளிரைக் கிள்ளி வாயில போட்டாரு. ரொம்ப நேரம் மென்னாரு. இந்த வருஷம் யாசுனோரிதான் முதல் வந்திருப்பான்னாரு. அன்னிக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் பேசினாரு.

அதை மட்டும் எழுதாதீங்க தம்பி.