மூணுலயே வையி

சாஜித்: மூணுலயே வையி... மூணுலயே... டேய் காளை, ஏண்டா அஞ்சுக்குப் போற?

காளை: இஞ்சினு கத்துது மாப்ள.

சாஜித்: கத்தட்டும். கத்தத்தானே ரெண்டு வருசமா ஷெட்டுல கெடந்து இதைக் கட்டுனேன்.

காளை: வாயில்லா சீவன். அதப் போட்டு...

சாஜித்: சீவனும் இல்ல, வாயில்லாமயும் இல்ல. இது ரேஸ் வண்டி. உன் தேனி பஸ்ஸு கிடையாது. அந்தா திருப்பம் வருது. திரும்புறதுக்கு முன்னாடியே மாத்திரணும், திரும்பும்போது மாத்தக்கூடாது. பிரேக்கு... நாலு... மூணு... ஏண்டா நிக்கிற?

காளை: அந்தக்கா கையக் காட்டுச்சு.

சாஜித்: எந்தக்கா?

காளை: ஆட்டுக்காரக்கா. வேப்பமரத்துக்கிட்ட நிக்கிதுல்ல.

சாஜித்: அது ஆட்ட வெரட்டுதுடா.

காளை: பத்து வருசமா அரசாங்க பஸ்ஸு ஓட்டுன காலு மாப்ள. யாராச்சும் கையத் தூக்குனா அது பாட்டுக்குப் பிரேக்குல போயி உக்காந்துக்கிருது. நான் என்ன பண்ண?

சாஜித்: ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் டிராக்ல கொடிக்காரரு கையத் தூக்குவாரு. அவரையும் ஏத்திக்கிட்டுப் போவியா?

காளை: அவரு எங்க இறங்கணுமாம்?

சாஜித்: யா அல்லா... எடு வண்டிய. மொதல்லேருந்து.

காளை: ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

சாஜித்: கோவிச்சுக்குவேன். சொல்லு.

காளை: இதுல ஆட்டோமேட்டிக் போட்டுருக்கலாம்ல. எங்க மச்சினன் வண்டில அதான். மிதிச்சாப் போகுது, விட்டா நிக்கிது. ஒரு கை சும்மாவே இருக்கு. கடலை திங்கலாம்.

சாஜித்: டிராக்ல எதுக்குடா கடலை? அந்த வண்டி அதுக்குத் தோணுனப்பதான் கியரு மாத்தும். நீ திருப்பத்துக்கு நடுவுல இருக்கைல அது பாட்டுக்கு மேல மாத்தி வச்சா நீ நேரா டயர் அடுக்குக்குள்ளதான் போவ. இங்க எப்ப மாத்தணும்னு ஓட்டுறவன் முடிவு பண்ணணும்.

காளை: சரி, அதுக்குப் பழைய கியர்பாக்ஸே இருந்துச்சே. அதை ஏன் கழட்டுன?

சாஜித்: அது சரியில்ல.

காளை: என்ன சரியில்ல?

சாஜித்: சரியில்லன்னா விடேன்.

காளை: இல்ல, தெரிஞ்சுக்கிறலாம்னு...

சாஜித்: பல்லு தேஞ்சிருச்சு. அது போக, அதுல கியருக்குக் கியர் தூரம். ரெண்டுலேருந்து மூணு போட்டா இஞ்சினு ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கும். இது நெருக்கமான பாக்ஸு. படிக்கட்டு கிட்டக்கிட்ட இருக்கிற மாதிரி. மாத்துனது தெரியாம இழுத்துக்கிட்டே போகும். இதுக்காகச் சேலம் வரைக்கும் அலைஞ்சிருக்கேன்.

காளை: படி கிட்டக்கிட்ட இருந்தா நெறைய தடவ காலத் தூக்கணுமே.

சாஜித்: அதுக்குத்தான் உன்னக் கூப்புட்டேன். கியரு போட்டுப் போட்டே கை காச்சுப்போனவன் நம்ம ஆனையூர்ல வேற எவன் இருக்கான்?

காளை: உன் கை நல்லா இருந்தா நீயே ஓட்டிருப்ப.

சாஜித்: பின்ன... என்ன செய்ய, வழுக்கி விழுந்துட்டேன். மணிக்கட்டு பெசகிருச்சு. கட்டுப் போட்டுருக்கேன்ல, கண்ணு தெரியலயா?

காளை: வலிக்குதா?

சாஜித்: உயிர் போகுது.

காளை: ச்சொ... ச்சொ...

சாஜித்: அனுதாபம் வேணாம். ரோட்டப் பாரு. ஞாயித்துக்கெழம இது ஓடலைன்னா அப்புறம் ஷெட்டுல கோழி அடையத்தான் ஆகும். நான் கட்டுனது ஓடுறத ஒரு தடவ நாலு பேரு பாக்கணும் காளை, அம்புட்டுத்தான்... ஏண்டா சத்தத்தையே காணோம்? இஞ்சினு நின்னுபோச்சா?

காளை: நியூட்ரலு.

சாஜித்: நியூட்ரலா?

காளை: இறக்கம்ல மாப்ள.

சாஜித்: இது இறக்கமா? இந்த ரோட்டுல தண்ணிய ஊத்துனா எந்தப் பக்கம் போகன்னு தண்ணியே நின்னு யோசிக்கும்டா.

காளை: டீசல மிச்சம் பிடிச்சதுக்கு டிப்போல எனக்கு விருது குடுத்தாங்க. மேடையில ஏத்தி, சால்வையப் போத்தி...

சாஜித்: எத்தன தடவடா சொல்லுவ? அங்க மொத ஆளா வாரவனுக்குத்தான் கோப்பை. பெட்ரோல மிச்சம் வச்சவனுக்கு ஒண்ணும் கெடையாது... இரு, இரு. நிறுத்து. யாரோ பைக்குல வாரான்.

காளை: யாரு?

சாஜித்: மனை விக்கிற கம்பெனி ஆளு. மனை பாக்க வாரோம்னு போன்ல சொல்லித்தான் இந்த ரோட்டுல வண்டிய விட்டேன். நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்.

சூரியபிரகாஷ்: வணக்கம் சார். நான் சூரியபிரகாஷ். காலைல போன்ல பேசுனது நீங்கதானே?

சாஜித்: ஆமா தம்பி. சுத்திப் பாத்துக்கிட்டு இருக்கோம்.

சூரியபிரகாஷ்: பாத்தேன் சார். ஏழெட்டுச் சுத்து பாத்துட்டீங்க.

காளை: மனசுக்குப் பிடிக்கணும்ல.

சூரியபிரகாஷ்: சமயநல்லூர் சுத்துவட்டாரத்துலயே இப்புடித் தார் ரோடு போட்ட மனை கெடையாது சார்.

காளை: ரோடு பிரமாதம். அந்தத் தெக்கு வளைவுல மட்டும் கொஞ்சம் மண்ணு கெடக்கு. கூட்டச் சொல்லுங்க, டயரு வழுக்குது.

சூரியபிரகாஷ்: சொல்லிருவோம் சார். வண்டியில என்ன சார், பின்னாடி சீட்டே இல்ல? உள்ள பூரா இரும்புக் கம்பியா இருக்கு?

சாஜித்: அது வந்து...

காளை: கூட்டம் ஜாஸ்தியானா நிக்கிறவங்க பிடிச்சுக்கிற.

சூரியபிரகாஷ்: ஓ... பெரிய குடும்பமா சார்?

காளை: சொல்லி மாளாது.

சூரியபிரகாஷ்: அப்ப ரெண்டு மனையாச் சேத்துப் பாத்துருவோம். கையக் குடுங்க சார்... அடேயப்பா. என்னா பிடி சார்.

சாஜித்: சரி தம்பி, நீங்க ஆபீஸ்ல இருங்க. இன்னும் ரெண்டு சுத்து பாத்துட்டு வாரோம்.

சூரியபிரகாஷ்: பைய வாங்க சார். ஒண்ணும் அவசரமில்ல.

சாஜித்: என்னடா சிரிக்கிற?

காளை: நல்லாத்தான் கையக் குடுத்த.

சாஜித்: எந்தக் கைய?

காளை: கட்டுப் போட்ட கைய.

சாஜித்: முன்னபின்ன தெரியாத மனுசன்கிட்ட எடது கைய நீட்டச் சொல்றியா? வலியப் பொறுத்துக்கிட்டேன்.

காளை: பெரிய மனசு உனக்கு.

சாஜித்: பேச்சக் கொறை. எடு. இந்தச் சுத்து ஒழுங்கா வரணும். ஒண்ணு... ரெண்டு... மிதி, நல்லா மிதி... இப்ப மூணு. ஆங். இப்புடியே வையி. மீட்டர் ஊசி செவப்புக்கிட்ட போகட்டும், பயப்படாத. இன்னும்... இன்னும்... டேய். டேய், அஞ்சுக்குப் போகாத. நாலு எங்கடா போச்சு?

காளை: தாண்டிட்டேன். நேர அஞ்சுக்குப் போனா ஒரு வேலை மிச்சம்ல.

சாஜித்: கையெடு.

காளை: எதுலேருந்து?

சாஜித்: கியர்லேருந்து கையெடுங்கிறேன். நீ கிளட்ச மட்டும் மிதி. நான் சொல்றப்ப மிதி, சொல்றப்ப விடு. கியர நான் போடுறேன்.

காளை: மாப்ள, உன் கை...

சாஜித்: மிதி. நாலு. விடு. பிரேக்கப் பிடி... கிளட்சு... ஆக்சிலேட்டர லேசா ஒரு தட்டு தட்டு... மூணு. விடு. இன்னொண்ணு. கிளட்சு... தட்டு... ரெண்டு. இப்பத் திருப்பு. திருப்பு, திருப்பு... மிதி இனிமே. முழுசா மிதி. கிளட்சு. மூணு. கேக்குதா? அந்தச் சத்தம் கேக்குதா?

காளை: கேக்குது.

சாஜித்: கிளட்சு. நாலு. பாரு, ஊசி இறங்கவே இல்ல பாரு. இதுக்குத்தாண்டா இந்த பாக்ஸு... அந்தா தெக்கு வளைவு. பிரேக்கு. மூணு. ரெண்டு. மண்ணுல போகாத, உள்ள பிடி. போ... போ... போ... ஆத்தாடி. போதும், நிறுத்து. நிறுத்து, மூச்சு வாங்கிக்கிறேன்.

காளை: நிறுத்திட்டேன்.

சாஜித்: பாத்தியா காளை? ஒரு எடத்துலகூட ஒதறல. வெண்ணெய்ல கத்திய விட்ட மாதிரி விழுந்துச்சு ஒவ்வொண்ணும்.

காளை: பாத்தேன். கையையும் பாத்தேன்.

சாஜித்: எந்த...

காளை: உயிர் போற கைதான். கட்ட அவுருடா.

சாஜித்: எப்பத் தெரியும் உனக்கு?

காளை: முந்தாநாளு. உன் வீட்டுக்காரி ஷைமாத் தங்கச்சி எங்க வீட்டுக்கு இடியாப்பம் குடுத்துவிட்டுச்சு. பஞ்சு மாதிரி இருக்கே, யாரு புழிஞ்சதுன்னு கேட்டேன். அவருதாண்ணே, துணியில மாவு ஒட்டுதுன்னு கட்ட அவுத்து வச்சுட்டுப் புழிஞ்சாருன்னுச்சு. இடியாப்பம் புழியிற மணிக்கட்டு கியரு போடாதா?

சாஜித்: ...போன மாசம் பிராக்டீஸ் போனேன்ல.

காளை: ம்.

சாஜித்: நேர் ரோடு முடியிற எடத்துல அஞ்சுலேருந்து நாலு போடணும். கை... கொண்டுபோயி ரெண்டுல சொருகிருச்சு. இஞ்சினு அலறுன அலறல் இன்னும் காதுக்குள்ள இருக்கு. டயரு கீச்சுன்னு பூட்டிக்கிருச்சு. வண்டி தட்டாமாலை சுத்துது. நின்னப்பப் பாத்தா, வந்த வழியவே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன். பின்னாடி வந்தவன் ஒரு சாண் தள்ளி ஒதுங்கிப் போறான். ஒரே ஒரு சாணு.

காளை: அடிபட்டுச்சா?

சாஜித்: ஒரு கீறல் இல்ல. அதாண்டா பிரச்சினை. அடிபட்டிருந்தா வெளிய சொல்லிருப்பேன்.

காளை: அப்ப அந்தப் பழைய பாக்ஸு?

சாஜித்: அதுல ஒரு பல்லு தேயல. பாக்ஸு சரியில்ல, அதான் சுத்திருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சொன்னதுக்கு அப்புறம் மாத்தாம இருக்க முடியுமா?

காளை: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ கூடத்தையே இடிச்சு வேற கட்டிட்ட.

சாஜித்: சிரிக்காதடா. புது பாக்ஸ மாட்டிட்டு ஷெட்டுக்குள்ளயே உக்காந்து கியர்க் கம்பியப் பிடிச்சேன். ரெண்டு கையும் நடுங்குது. ஓடாத வண்டியில, சாவிகூடப் போடல, நடுங்குது. ஷெட்டுப் பசங்க பாத்துருவாங்கன்னுதான் கட்டுப் போட்டேன்.

காளை: இப்ப நடுங்குச்சா?

சாஜித்: எப்ப?

காளை: இப்பத்தான். ஒரு சுத்துப் பூரா நீதானே போட்ட. நாலு, மூணு, ரெண்டு...

சாஜித்: ...இல்ல.

காளை: ஏன் இல்ல?

சாஜித்: உன்மேல இருந்த ஆத்திரத்துல மறந்துட்டேன்.

காளை: அதுக்குத்தான் காலைலேருந்து இந்தப் பாடு படுறேன்.

சாஜித்: என்ன பாடு?

காளை: அஞ்சாவது கியரு, நியூட்ரலு, ஆட்டுக்காரக்கா... நீ எம்புட்டுத்தான் தாங்குவன்னு பாத்தேன். நல்லாத் தாங்குன நீ. இப்புடி ஓட்டுன வெக்கத்துல எனக்கே பாதி உசுரு போச்சு.

சாஜித்: அடப்பாவி. அப்ப அந்த டீசல் விருது?

காளை: விருதா? டீசல அள்ளிக் குடிக்கிறேன்னு டிப்போல எனக்கு மெமோ மேல மெமோ. மூணுலயே விரட்டுறவன்டா நானு.

சாஜித்: சால்வை?

காளை: அது எங்க மாமனார் போத்துனது. இறங்கு. இங்கிட்டு வந்து உக்காரு.

சாஜித்: காளை... இன்னும் பயமாத்தான் இருக்கு.

காளை: இருக்கட்டும். ஆண்டிபட்டி கணவாய்ல எனக்கும் தினம் இருக்கு. அதுக்காக பஸ்ஸ அங்கேயேவா நிறுத்திருக்கேன்?

சாஜித்: சரி... நானே ஓட்டுறேன். ஆனா நீ அங்க டிராக் ஓரத்துல, என் கண்ணுல படுற மாதிரி நிக்கணும். எப்புடியும் ஞாயித்துக்கெழம லீவு சொல்லி வச்சிருப்பேல்ல?

காளை: லீவே கேக்கல மாப்ள. ஞாயித்துக்கெழம தேனிக்கு மொத வண்டி நாந்தான் எடுக்குறேன்.